மூன்றாம் படியில் முராகாமி

எங்கள் வீட்டுக் கொலுவில் மூன்றாம் படியில், தசாவதாரச் செட்டில் கல்கிக்கு அடுத்து, ஒரு பேஸ்பால் ஆட்டக்காரர் நிற்கிறார். தொட்டால் தலையை ஆட்டுவார். போன வருஷ நவராத்திரிக்கு வந்த மதுரைக்கார அக்கா ஒருவர் அவர் தலையில் விரலால் லேசாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது யாருங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள். "அவர்கிட்ட மட்டும் கேட்டுடாதீங்கக்கா. சுண்டல் ஆறிடும்."

அக்கா புத்திசாலி, மேற்கொண்டு கேட்கவில்லை. அன்றைக்குச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதிவிடுகிறேன். உங்கள் வீட்டுச் சுண்டலுக்கு நான் பொறுப்பில்லை.

அவர் பெயர் மசனோரி முராகாமி. நாவல் எழுதும் முராகாமி இல்லை, பந்து வீசிய முராகாமி. ஜப்பானிலிருந்து வந்து அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஆடிய முதல் ஆள். 1964, 1965 என்று இரண்டே சீசன், மொத்தம் 54 ஆட்டம். அவ்வளவுதான் அவருடைய அமெரிக்க வாழ்க்கை. அடுத்த ஜப்பானியர் அந்த மைதானங்களில் காலெடுத்து வைக்க 30 வருஷம் பிடித்தது.

பொம்மை கடையில் வாங்கியதில்லை. முராகாமி முதல் பந்து வீசி 50 வருஷம் ஆனதை ஒட்டி, சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணி 2014இல் 'ஜப்பானியப் பாரம்பரிய இரவு' என்று ஓர் ஆட்டத்துக்குத் தனிச் சீட்டு விற்றது. அந்தச் சீட்டு வாங்கியவர்களுக்கு இந்தப் பொம்மை. என்னோடு வேலை பார்த்த ஒருவர், தாத்தா காலத்திலேயே ஜப்பானிலிருந்து கலிபோர்னியா வந்து குடியேறிய குடும்பம், நான்கு சீட்டு வாங்கி நான்கு பொம்மையோடு திரும்பினார். ஒன்றை அலுவலக மேசையில் வைத்தார். எங்கள் தளத்தில் அறுபது பேர் இருந்தோம். ஏழு வருஷம் அந்த மேசையைத் தாண்டித்தான் காபி எடுக்கப் போவோம். போகிற போக்கில் அதன் தலையைத் தட்டிவிட்டுப் போகாதவர் கிடையாது. யார் இது என்று கேட்டவரும் கிடையாது, நான் உட்பட. ஓய்வு பெற்ற அன்று மேசையைக் காலி செய்துகொண்டிருந்தவர், "உங்கள் மகளுக்குக் கொடுங்கள்" என்று என் கையில் வைத்தார். பொருள் நம்முடையதான பிறகுதானே நமக்கு அக்கறை வரும். அப்போதுதான் கேட்டேன். அன்றைக்கு அவர் சொன்னதும், அதற்குப் பிறகு நானாகத் தேடிப் படித்ததும்தான் இது.

முதலில் இலவசப் பொம்மையின் பொருளாதாரம். பேஸ்பால் சீசனின் நீளம் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கே மூச்சு வாங்க வைக்கும். ஓர் அணிக்கு 162 ஆட்டம். அதில் பாதி, 81, சொந்த ஊரில். செவ்வாய்க்கிழமை ராத்திரி, சான் பிரான்சிஸ்கோவின் எலும்பைத் துளைக்கிற காற்று, எதிரே தேறாத அணி. யார் வருவார்கள்? அதற்குத்தான் தொப்பி, டீ ஷர்ட், போர்வை, பொம்மை. 'முதலில் வரும் இத்தனை பேருக்கு' என்று ஒரு வரி விளம்பரம் போட்டால் கதவு திறக்கும் முன்பே வரிசை கட்டிவிடும். பொம்மை கைக்கு வந்ததும் ஆட்டம் பார்க்காமலே காரை எடுக்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். இந்தப் பித்தைத் தொடங்கிவைத்ததும் ஜயன்ட்ஸ்தான். 1999 மே 9 அன்று கேண்டில்ஸ்டிக் மைதானத்தில் தங்கள் பழைய நாயகன் வில்லி மேஸின் தலையாட்டிப் பொம்மையை 35,000 பேருக்குக் கொடுத்தார்கள். பிறகு நாடு முழுக்க எல்லா அணிகளுக்கும் அது தொற்றிக்கொண்டது.

ஆனால் பேஸ்பால் தலையாட்டிகளுக்கு வயது அதைவிட அதிகம். 1960களின் தொடக்கத்தில் காகிதக் கூழில் செய்து விற்றார்கள். மேஸ், மேண்டில், மாரிஸ், கிளெமென்டே என்று நான்கு பேருக்குத்தான் பெயர் போட்ட தனிப் பொம்மை. நால்வருக்கும் ஒரே அச்சு, ஒரே கொழுகொழு குழந்தை முகம். அவற்றைச் செய்து அனுப்பிய நாடு ஜப்பான். ஆக, ஜப்பானிலிருந்து ஓர் ஆட்டக்காரர் வருவதற்கு முன்பே ஜப்பானிலிருந்து பொம்மை ஆட்டக்காரர்கள் கப்பலேறி வந்துவிட்டார்கள். அவர்களுக்கு ஒப்பந்தத் தகராறு எதுவும் வரவில்லை.

தலையாட்டி என்றதும் நமக்குத் தஞ்சாவூர்தான். ஆனால் கொலுவில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது, இரண்டும் வேறு ஜாதி. தஞ்சாவூர் ராஜா ராணிக்கு அடியில் கனம். தள்ளினால் முழு உடம்பும் சாயும், தானாக நிமிரும். அமெரிக்கப் பொம்மைக்குக் கால் பீடத்தோடு ஒட்டியிருக்கும், கழுத்தில் மட்டும் ஸ்பிரிங். நின்ற இடத்தில் நின்றபடி ஆமாம், ஆமாம் என்று ஆட்டத்தான் முடியும்.

முராகாமி 1944 மே மாதம், யமனாஷி மாநிலத்து ஓட்சுகியில் பிறந்தவர். மகன் பந்து வீசிப் பிழைப்பதில் அப்பாவுக்கு இஷ்டமில்லை. ஓசாகாவின் நான்காய் ஹாக்ஸ் அணிக்குப் பையன் மேல் கண். நான்காய் என்பது ஒரு ரயில் கம்பெனி. ஜப்பானில் அப்போது ரயில் கம்பெனிகள் அணி வைத்திருப்பது சகஜம். அணியின் மேலாளர் கசுடோ சுருவோக்கா தூண்டிலில் சரியான புழுவைக் கோத்தார்: எங்களோடு சேர்ந்தால் உன்னை அமெரிக்காவுக்கு அனுப்புகிறேன். பையன் சேர்ந்தான். சுருவோக்காவும் சொன்னபடி செய்தார். 1964இன் தொடக்கத்தில் ஹாக்ஸ் மூன்று இளைஞர்களை ஜயன்ட்ஸிடம் பயிற்சிக்கு அனுப்பியது. ஜூனில் திரும்பிவிட வேண்டும் என்று ஏற்பாடு. ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: மூவரில் யாராவது மேஜர் லீக் வரைக்கும் தேறினால், 10,000 டாலர் கொடுத்து ஜயன்ட்ஸ் அவரை எடுத்துக்கொள்ளலாம். ஜப்பானியப் பையன் ஒருவன் அவ்வளவு தூரம் தேறுவான் என்று ஜப்பானிலேயே நம்பாத காலம் அது. வீட்டுப் பத்திரத்தில் 'புதையல் கிடைத்தால்' என்று வரும் வரியைப் போல அதைத் தாண்டிப் போயிருப்பார்கள்.

முராகாமி போனது ஃப்ரெஸ்னோவுக்கு. கலிபோர்னியாவின் நட்டநடுவில் திராட்சையும் பருத்தியும் விளைகிற வெயில் ஊர். மேஜர் லீக்குக்குக் கீழே இருக்கும் மைனர் லீக்கில் கீழ்த்தட்டு அணி. பாஷை தெரியாது. ஊரிலிருந்த ஜப்பானிய அமெரிக்கக் குடும்பங்கள் கூப்பிட்டுச் சோறு போட்டன. அந்த ஊரில் அந்தச் சோற்றுக்கு ஒரு கனம் உண்டு. 1942இல் இதே ஃப்ரெஸ்னோவின் பொருட்காட்சித் திடலில்தான் ஜப்பானிய வம்சாவளிக் குடும்பங்களை முள்வேலிக்குள் அடைத்து, பிறகு தொலைதூர முகாம்களுக்கு ரயிலேற்றினார்கள். என் அலுவலக நண்பரின் அம்மா அந்தத் திடலில் சிறுமியாக இருந்தவர். 22 வருஷம் கழித்து அதே ஊரில், ஃப்ரெஸ்னோ என்று எழுதிய சீருடை போட்ட ஜப்பானியப் பையன் ஒருவன் வருகிற பேட்டர்களை எல்லாம் வரிசையாக ஸ்ட்ரைக் அவுட் (மூன்று முறை தவறவிட வைத்து அவுட்) செய்வதைப் பார்க்க அவர் தவறாமல் போய்விடுவாராம். "அவன் வீசுகிற அன்றைக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு சுமாராகத்தான் இருக்கும்" என்றார் நண்பர். அவருக்கு அப்போது ஐந்து வயது.

ஜூன் வந்தது. ஓசாகாவிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. முராகாமி வீசிக்கொண்டே இருந்தார். 11 வெற்றி, 7 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 1.78. இது நம் பௌலிங் சராசரி மாதிரி, குறையக் குறைய நல்லது. 3க்குக் கீழே இருந்தாலே கெட்டிக்காரர்.

ஆகஸ்ட் முடிவில் நியூயார்க்குக்கு வரச் சொன்னார்கள். செப்டம்பர் 1, ஷேய் மைதானம், மெட்ஸ் அணியோடு ஆட்டம். ஆட்டத்துக்கு முன் மேஜர் லீக் ஒப்பந்தத்தை நீட்டினார்கள். முழுக்க ஆங்கிலம். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத தாளில் கையெழுத்துப் போட முராகாமி மறுத்துவிட்டார். ஆட்டம் பார்க்க வந்த கூட்டத்தில் ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து வந்து, அவர் விளக்கிச் சொன்ன பிறகுதான் பேனாவைத் தொட்டார். இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இந்த நாட்டுக்கு வந்த மூன்றாம் நாள் வாடகை ஒப்பந்தத்தின் பதினேழு பக்கத்தையும் புரட்டிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவன் நான். எனக்கு அப்போது 29 வயது, ஆங்கிலமும் தெரியும். அவருக்கு 20.

எட்டாவது இன்னிங்ஸ். பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். மெட்ஸ் 4-0 முன்னிலை. ஆட்டம் ஏறக்குறையக் கைவிட்டுப் போயிருந்தது, புதுப் பையனை இறக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. மைதான நடுவுக்கு நடந்தபோது பயத்தை அடக்க ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனாராம். கியூ சகாமோட்டோ பாடி, முந்தின வருஷம் ஜப்பானிய மொழியிலேயே அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்த பாட்டு. அமெரிக்காவில் அதற்கு 'சுகியாகி' என்று பெயர் வைத்து விற்றார்கள். சுகியாகி என்பது மாட்டிறைச்சி போட்டுச் செய்யும் ஒரு பதார்த்தம், பாட்டுக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. கண்ணீர் வரவழைக்கும் நம் பாட்டு ஒன்றுக்கு 'வத்தக்குழம்பு' என்று பெயர் வைத்த மாதிரி.

முதல் பேட்டர் சார்லி ஸ்மித், ஸ்ட்ரைக் அவுட். அடுத்தவர் ஒரு ஹிட் அடித்தார். எட் கிரேன்பூல், ஸ்ட்ரைக் அவுட். ராய் மெக்மிலன் தரையோடு தட்டி அவுட். ரன் கொடுக்கவில்லை. ஆட்டத்தை ஜயன்ட்ஸ் தோற்றது, அது வேறு விஷயம். அந்த மாதம் முழுக்க அவர் வீசியது 9 ஆட்டத்தில் 15 இன்னிங்ஸ். 15 ஸ்ட்ரைக் அவுட். வாக் ஒன்றே ஒன்று. வாக் என்பது நம் வைடுக்கு ஒன்றுவிட்ட தம்பி: எல்லைக்கு வெளியே நான்கு முறை வீசினால் எதிராளி ஒன்றும் செய்யாமலே முதல் பேஸுக்கு நடந்து போய்விடலாம். புதிதாக வருகிற பிட்சர்கள், அதாவது பந்து வீசுகிறவர்கள், பதற்றத்தில் வாரி வழங்குவது இதைத்தான். பாஷை தெரியாத ஊரில், யுத்தம் முடிந்து 19 வருஷமே ஆன நாட்டில், 15 இன்னிங்ஸில் ஒரே ஒரு வாக். இந்த எண்ணை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

சீசன் முடிந்ததும், ஒப்பந்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த வரி எழுந்து உட்கார்ந்தது. ஜயன்ட்ஸ் 10,000 டாலரை அனுப்பியது. முராகாமி 1965க்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குப் போனார். ஊரில் ஹாக்ஸ், நாங்கள் பையனை இரவல்தான் கொடுத்தோம், விற்கவில்லை என்றது. சொன்னபடி அமெரிக்கா அனுப்பிவைத்த சுருவோக்காவுக்குப் பட்ட கடன் கழுத்தில் உட்கார்ந்தது. ஹாக்ஸ் நீட்டிய தாளிலும் கையெழுத்துப் போட்டார். இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டியாகிவிட்டது. அமெரிக்க பேஸ்பாலின் கமிஷனர் ஃபோர்ட் ஃப்ரிக், ஜப்பானிய பேஸ்பாலோடு இனி ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று நிறுத்திவைத்தார். 20 வயதுப் பையனுக்காக இரண்டு நாட்டுப் பெரியவர்கள் மாதக்கணக்கில் கடிதப் போர் நடத்தினார்கள். பஞ்சாயத்து ஏப்ரல் கடைசியில்தான் முடிந்தது: 1965 சீசனை ஜயன்ட்ஸுக்கு ஆடட்டும், அதற்குப் பிறகு ஜப்பான் திரும்ப வழிவிட வேண்டும்.

தாமதமாக வந்து சேர்ந்தும் அந்த வருஷம் 45 ஆட்டம். 4 வெற்றி, 1 தோல்வி, 74 இன்னிங்ஸில் 85 ஸ்ட்ரைக் அவுட். வில்லி மேஸ், வில்லி மெக்கோவி, ஹுவான் மரிச்சல், கேலார்ட் பெர்ரி என்று பின்னாளில் பேஸ்பால் மேதைகளின் கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேம் போன ஆட்கள் இருந்த அணி அது. இரண்டே ஆட்ட வித்தியாசத்தில் டாட்ஜர்ஸிடம் லீக் பட்டத்தை விட்டார்கள். ஆகஸ்ட் 15 அன்று கேண்டில்ஸ்டிக்கில் 'முராகாமி தினம்' கொண்டாடினார்கள். மரியாதை செய்கிறோம் என்று அன்றைக்கு அவரை ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சராக இறக்கிவிட்டார்கள். அவரோ ஆட்டம் இழுபறியாக இருக்கும்போது பின்னால் வந்து கட்டி முடிக்கிறவர். மற்ற 53 ஆட்டத்திலும் பின்னால்தான் வந்தார். பந்தியில் கடைசியாக ரசம் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு மேடையில் நாதஸ்வரத்தைக் கொடுத்த கதை. சரியாக அமையவில்லை, சீக்கிரமே வெளியே எடுத்துவிட்டார்கள்.

1966இல் ஜப்பான் திரும்பினார். அமெரிக்காவில் வெளுத்து வாங்கியவன் இங்கே பிளந்து கட்டுவான் என்று காத்திருந்த ஊருக்கு முதல் வருஷம் ஏமாற்றம். 1968இல் 18 வெற்றி, 4 தோல்வி என்று ஒரு சீசன் போட்டு வாயடைத்தார். 1982 வரை ஆடி மொத்தம் 103 வெற்றி. பிறகு ஒரு காரியம் செய்தார். 1983இல், 38 வயதில், ஜயன்ட்ஸின் பயிற்சி முகாமுக்கு வந்து இன்னொரு முறை இடம் கேட்டு நின்றார். கிடைக்கவில்லை. அந்தப் பயணத்துக்கு விளக்கம் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

அவருடைய தகராறிலிருந்து இரு நாட்டு நிர்வாகங்களும் படித்த பாடம் 1967 உடன்பாட்டில் இருக்கிறது: உன் ஆளை நான் தொட மாட்டேன், என் ஆளை நீ தொடாதே. நம் கிரிக்கெட்டில் என்ஓசி என்கிற வாரிய அனுமதி கிடைக்காமல் வெளிநாட்டு லீக் ஆட முடியாத வீரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். 1995இல் ஹிடியோ நோமோ, நான் ஓய்வு பெறுகிறேன் என்று அறிவித்துவிட்டு, விதியிலிருந்த அந்த ஓட்டை வழியாக டாட்ஜர்ஸுக்கு வந்து சேர்ந்தார். பெரும் பெயரெடுத்த இச்சிரோவும் ஒஹ்டானியும் அவருக்குப் பிறகு.

முராகாமியை அறிமுகம் செய்யும்போதெல்லாம் 'முதல் ஜப்பானியர்' என்கிறார்கள். நானும் மேலே அப்படித்தான் ஆரம்பித்தேன். அந்தப் பட்டத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. முதல் என்றால் பின்னால் வரிசை வர வேண்டும். இவருக்குப் பின்னால் வந்தது தாழ்ப்பாள். கதவைத் திறந்தவர் என்று பாராட்டுகிறபோது, அவர் நுழைந்த கையோடு இரண்டு பக்கமும் சேர்ந்து அதை அடைத்த கதை காணாமல் போகிறது. 'முராகாமி தினம்' போலத்தான், மரியாதை இருக்கிறது, இடம்தான் கொஞ்சம் தப்பு.

சீட்டு விற்பதற்கான பொம்மை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் நண்பரின் அம்மா 2014இல் இருந்தார். ராத்திரி ஆட்டத்துக்கு வந்து அவ்வளவு நேரம் உட்கார முடியாது, எண்பது வயது. நான்கு பொம்மையில் ஒன்றை மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு குண்டாக இருக்க மாட்டான்" என்றாராம். கடைசி வரை அது அவர் தலைமாட்டில் இருந்தது.

எங்கள் கொலுவில் பொம்மைகளுக்குப் பெயர் அட்டை எழுதுவது மகள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பெருமையைக் காட்ட எல்லாம் தமிழில்தான் எழுதுவாள். இந்த வருஷம், இனி யாரும் கேட்க வேண்டாம் என்று, பேஸ்பால்காரருக்கும் ஓர் அட்டை எடுத்தாள்.

"என்னப்பா போடறது?"

முதல் ஜப்பானியர் என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன். அவளே கேட்டாள். "நல்லாப் போடுவாராப்பா?"

"நல்லாப் போடுவார். லெஃப்ட் ஹேண்ட். முதல் வருஷம் 15 இன்னிங்ஸ்ல ஒரே ஒரு வாக்."

அப்படியே எழுதிவைத்தாள். 'மசனோரி முராகாமி. இடது கை. ஒரே ஒரு வாக்.'

சரஸ்வதி பூஜை அன்று மதுரைக்கார அக்கா வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து அட்டையைப் படித்தார். ஒரு படி தள்ளி நின்ற ராமரைப் பார்த்தார். மறுபடி இவரைப் பார்த்தார். "ஒரே வாக்கா? ராமர் மாதிரி, சொன்ன சொல் மாறாதவரோ?"

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து என் மனைவி சுண்டலோடு ஓடி வந்தாள்.